கருவிக்கு அனுமதி உண்டு, கைக்கு? ரோபோ கருப்பை அறுவை சிகிச்சையில் மருத்துவர் திறனை அளப்பது யார்?

மும்பை: கருப்பைக் கட்டி, தீராத ரத்தப்போக்கு, கருப்பை இறக்கம், கருப்பைப் புற்றுநோய் ஆகியவற்றுக்கு "ரோபோ" கருவி மூலம் அறுவை சிகிச்சை செய்யும் முறை இந்தியப் பெருநகரங்களில் பரவி வருகிறது. இக்கருவியை விற்பதற்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஆனால், அதை இயக்கும் மருத்துவரின் கைத்திறனை அளந்து சான்றளிக்க, நாடு முழுமைக்கும் சட்டப்படி கட்டாயமான தேர்வு ஏதும் இல்லை.

பயிற்சியை எங்கே பெறுவது, எவ்வளவு பெறுவது, பயிற்சியில் தேறினாரா என்பதை யார் முடிவு செய்வது ஆகிய மூன்று கேள்விகளும் பெரும்பாலும் மருத்துவமனை நிர்வாகத்துக்கும் கருவியை விற்கும் நிறுவனத்துக்கும் இடையிலேயே தீர்க்கப்படுகின்றன. அறுவை மேஜையில் படுக்கப்போகும் பெண்ணுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

மும்பைத் தமிழர்களுக்கு இது தொலைவில் உள்ள பிரச்னை அல்ல. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து தலைமுறைகளுக்கு முன் குடியேறிய தாராவிக் குடும்பங்களின் பெண்கள், முதலில் செல்வது "சோட்டா சயான்" என்று அழைக்கப்படும் தாராவி நகர்ப்புற சுகாதார மையத்துக்கு. அங்கிருந்து சயானில் உள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனைக்கு. 1989-ம் ஆண்டில் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்ட மருத்துவமனை அது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள நடுத்தரக் குடும்பத்தினரோ, காப்பீட்டு அட்டையுடன் தனியார் மருத்துவமனைகளை நாடுகின்றனர். ரோபோ அறுவை சிகிச்சை உள்ளிட்ட 12 நவீன சிகிச்சைகளைக் காப்பீட்டிலிருந்து விலக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ம் ஆண்டில் அறிவித்த பிறகு, அந்தச் சிகிச்சை அவர்களுக்கு எட்டும் தொலைவுக்கு வந்துவிட்டது. தொகைக்கு உச்சவரம்பு விதிக்க மட்டுமே நிறுவனங்களுக்கு அனுமதி உள்ளது.

காப்பீடு பணத்துக்கு வழி செய்துவிட்டது. மருத்துவரின் திறனுக்கு உத்தரவாதம் தருவது யார் என்பதே இப்போது எழும் கேள்வி.

ரோபோ தானே அறுப்பதில்லை

"ரோபோ அறுவை சிகிச்சை" என்ற பெயரே பலரைத் தவறாக எண்ண வைக்கிறது. இயந்திரம் தானாக எதையும் அறுப்பதில்லை. வயிற்றில் இடப்படும் சிறு துளைகள் வழியே நுண்கருவிகளும் கேமராவும் உள்ளே செலுத்தப்படுகின்றன. மருத்துவர் சில அடி தூரத்தில் ஒரு மேடைக் கருவியின் முன் அமர்ந்து, பல மடங்கு பெரிதாக்கப்பட்ட முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தபடி தமது விரல்களை அசைக்கிறார். அந்த அசைவை உள்ளே இருக்கும் கருவி அப்படியே பின்பற்றுகிறது. கை நடுக்கம் வடிகட்டப்படுகிறது. மனித மணிக்கட்டு போலவே கருவியின் முனையும் திரும்புகிறது.

அமெரிக்காவின் இன்டியூட்டிவ் சர்ஜிகல் நிறுவனம் தயாரிக்கும் "டா வின்சி" கருவிக்கு, மகளிர் நோய் அறுவை சிகிச்சைகளில் பயன்படுத்த அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2005-ம் ஆண்டு ஏப்ரலில் அனுமதி அளித்தது. இந்தியாவிலேயே தயாராகும் "எஸ்.எஸ்.ஐ. மந்திரா" கருவியும் 2022-ம் ஆண்டு முதல் அறுவை அரங்குகளுக்கு வந்துள்ளது. தமிழக அரசு அதே ஆண்டு மார்ச் மாதம் சென்னை ஓமந்தூரார் அரசு பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் ஏறத்தாழ 35 கோடி ரூபாய் செலவில் ரோபோ அறுவை சிகிச்சை மையத்தைத் திறந்தது. இச்சிகிச்சை இனி தனியார் மருத்துவமனைகளின் தனியுடைமையாக இருக்காது என்பதை இது காட்டுகிறது.

கருவியின் சிறப்புகளோடு ஒரு குறையும் நீண்ட காலம் இருந்து வந்தது. திசுவைத் தொடும்போது கைக்குக் கிடைக்கும் உணர்வு, கருவி வழியே மருத்துவருக்குக் கிடைப்பதில்லை. எவ்வளவு விசையுடன் இழுக்கிறோம் என்பதைக் கண்ணால் பார்த்தே ஊகிக்க வேண்டும். விசையை உணர்த்தும் வசதி கொண்ட ஐந்தாம் தலைமுறை "டா வின்சி"க்கு அமெரிக்காவில் 2024-ம் ஆண்டில்தான் அனுமதி கிடைத்தது. பழைய கருவிகளில் பழகும் மருத்துவர், தொடு உணர்வை விட்டுவிட்டு கண்ணை நம்பிச் செயல்படப் புதிதாகக் கற்க வேண்டும். வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் தேர்ந்தவர் என்பதால் மட்டும் ஒருவர் இதிலும் தேர்ந்தவர் ஆகிவிடுவதில்லை.

கருப்பை அறுவையில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் குழாய், கருப்பை வாயிலிருந்து ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் தொலைவிலேயே, கருப்பைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிக்கு அடியில் கடந்து செல்கிறது. தமனியைத் துண்டிக்கும்போது சற்றுத் தவறினாலும், வெப்பக் கருவியைச் சற்று அதிக நேரம் வைத்தாலும் அக்குழாய் சேதமடையும். சேதம் அப்போதே தெரியாமல் நாள்கள் கழித்து சிறுநீர்க் கசிவாகத் தெரியவருவதும் உண்டு. வலியும் மறு அறுவையும் அந்தப் பெண்ணுக்கு. வேலை இழப்பும் செலவும் அந்தக் குடும்பத்துக்கு.

செம்பூருக்கு அருகில் ஒரு முன்னோடி

தொலைவிலிருந்து கருவியை இயக்கும் இந்தத் தொழில்நுட்பத்தின் வேர் மருத்துவத்தில் இல்லை. கதிரியக்கப் பொருள்களைக் கையால் தொட முடியாது என்பதால், கனத்த தடுப்புக்கு வெளியே நின்றபடி உள்ளே உள்ள கருவிக் கையை இயக்கும் முறை, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுக்கூடத்தில் உருவானது. ஒரு கை ஆட்ட மறு கை ஆடும் இவ்வகைக் கருவிகளைச் செம்பூரை அடுத்த டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் இந்தியாவிலேயே வடிவமைத்துப் பயன்படுத்தி வருகிறது.

அதே வட்டாரத்தில், அணுசக்தி நகரில்தான் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைமையகமும் உள்ளது. 1983-ம் ஆண்டில் அமைக்கப்பட்ட இந்த வாரியத்தின் உரிமம் இல்லாமல் எந்த மருத்துவமனையும் புற்றுநோய்க்கான கதிர்வீச்சுக் கருவியை இயக்க முடியாது. கருவி தரமானதா என்று மட்டும் வாரியம் பார்ப்பதில்லை. உரிய தகுதி பெற்ற மருத்துவர், மருத்துவ இயற்பியலர், தொழில்நுட்பர், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி ஆகியோர் பணியில் உள்ளனரா என்றும் பார்க்கிறது. ஆள் இல்லையேல் உரிமம் இல்லை.

அறுவை சிகிச்சை ரோபோவுக்கு இத்தகைய ஏற்பாடு கிடையாது. 2017-ம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகளின்படி மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு கருவியின் பாதுகாப்பையும் செயல்திறனையும் பரிசீலிக்கிறது. மருத்துவரின் பட்டத்தையும் பதிவையும் மருத்துவ ஆணையமும் மாநில மருத்துவக் கவுன்சில்களும் கவனிக்கின்றன. இரண்டுக்கும் இடையில், "இந்த மருத்துவர் இந்தக் கருவியை இயக்கத் தகுதி பெற்றுவிட்டாரா?" என்ற கேள்வி கேட்பாரற்று விடப்பட்டுள்ளது.

எண்ணிக்கை மட்டும் போதாது

இத்தனை அறுவைகளைச் செய்துவிட்டால் ஒருவர் தேர்ச்சி பெற்றவர் என்று கொள்வது மருத்துவ உலகின் நீண்டகால வழக்கம். அமெரிக்காவில் 2008-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, புற்றுநோய் அல்லாத மகளிர் நோய்களுக்கான ரோபோ அறுவையில் ஏறத்தாழ 50 சிகிச்சைகளுக்குப் பிறகே அறுவைக்கு ஆகும் நேரம் நிலைபெறுவதாகக் கூறியது. மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2013-ம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வோ, கருப்பை நீக்கத்தில் தேர்ச்சி பெற 91 அறுவைகள் தேவைப்பட்டதாகக் கணக்கிட்டது. ஒன்று நேரத்தை அளந்தது. மற்றொன்று சிக்கல்களையும் சேர்த்து அளந்தது. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடையும் மாறுகிறது.

எண்ணிக்கை சொல்லாத செய்தியை வேறொரு ஆய்வு சொன்னது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உடல் பருமனைக் குறைக்கும் அறுவையைச் செய்யும் 20 மருத்துவர்கள், தங்கள் அறுவைக் காட்சிகளை ஒளிப்பதிவாகக் கொடுத்தனர். பெயர் தெரியாமல் அவற்றைப் பார்த்த சக மருத்துவர்கள் மதிப்பெண் இட்டனர். கடைசி கால் பகுதியில் இடம் பெற்ற மருத்துவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதத்தினருக்குச் சிக்கல் ஏற்பட்டிருந்தது. முதல் கால் பகுதியினரிடம் இது 5.2 சதவீதம் மட்டுமே. 2013-ம் ஆண்டில் வெளியான இந்த ஆய்வு ரோபோ பற்றியதோ மகளிர் நோய் பற்றியதோ அல்ல. எனினும், கைத்திறனை ஒளிப்பதிவைப் பார்த்து அளக்க முடியும் என்பதையும், அந்த மதிப்பெண் நோயாளியின் நலனோடு நேரடித் தொடர்பு கொண்டது என்பதையும் அது நிலைநாட்டியது.

தாராவியின் தையல் கூடங்களில் பணியாற்றுவோருக்கு இது புதிய செய்தியாக இராது. பத்து ஆண்டு தைத்தவர் என்பதற்காக அவர் தைத்த துணி "செக்கிங்" இல்லாமல் வெளியே போவதில்லை. தையலைப் பிரித்துப் பார்த்தே ஏற்கிறார்கள்.

மதிப்பெண் இடுவது எப்படி?

கைத்திறனுக்கு மதிப்பெண் அளிக்கும் முறைக்கு கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகம் 1997-ம் ஆண்டில் வழிகாட்டியது. அதையொட்டி 2012-ம் ஆண்டில் ரோபோ அறுவைக்கென "கியர்ஸ்" என்னும் அளவுகோல் உருவானது. ஆழத்தைச் சரியாக உணர்தல், இரு கைகளையும் ஒருங்கிணைத்தல், வீண் அசைவின்றிச் செயல்படுதல், திசுவின் மீது செலுத்தும் விசையில் நிதானம், பிறர் துணையின்றிச் செய்து முடித்தல், கருவியைக் கட்டுக்குள் வைத்திருத்தல் ஆகிய ஆறுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் அளிக்கப்படுகிறது. மொத்தம் 30.

மகளிர் நோய்த் துறைக்கு இதனினும் நெருக்கமானது "ஆர்-ஒசாட்ஸ்" என்னும் முறை. டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நசீமா சித்திக்கி தலைமையிலான குழுவினர் 2014-ம் ஆண்டில் இதை வெளியிட்டனர். நோயாளியைத் தொடும் முன்பே மருத்துவரைச் சோதிப்பது இதன் நோக்கம். ரப்பர் வளையங்களைத் தூணிலிருந்து தூணுக்கு மாற்றுதல், வளைந்து நெளியும் கம்பியில் வளையத்தை நகர்த்திச் செல்லுதல், குறிக்கப்பட்ட புள்ளிகள் வழியே ஊசியைச் செலுத்துதல், தொடர் தையல் இடுதல், முடிச்சிடுதல் என ஐந்து பயிற்சிகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கூறுகளில் 20 மதிப்பெண். பின்னர் நடந்த ஆய்வில், ஒவ்வொரு பயிற்சியிலும் குறைந்தது 14 மதிப்பெண் பெற்றவரையே அடுத்த கட்டத்துக்கு அனுமதிக்கலாம் என்று வல்லுநர்கள் வரையறுத்தனர்.

மதிப்பிடுபவர் திரையில் காண்பது கருவியின் முனையை மட்டுமே. முகமும் தெரியாது, பெயரும் தெரியாது. பேராசிரியரின் செல்லப் பிள்ளை யார், எந்தக் கல்லூரியில் படித்தவர், ஆணா பெண்ணா என்ற எதுவும் மதிப்பெண்ணில் கலக்க வழியில்லை. ஒருவரே மதிப்பிடாமல் இருவர் அல்லது மூவர் தனித்தனியே மதிப்பிட்டு, அவை ஒத்துப் போகின்றனவா என்றும் பார்க்கப்படுகிறது.

சிக்கல், வல்லுநர்களின் நேரம். ஓய்வின்றி அறுவை அரங்கில் நிற்கும் மூத்த மருத்துவர், மாணவர்களின் நூற்றுக்கணக்கான ஒளிப்பதிவுகளைப் பார்த்து மதிப்பெண் இடுவது எளிதன்று. இதற்கு சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் வியப்பான வழி ஒன்றைச் சோதித்தனர். இணையம் வழியே சிறு கூலிக்குப் பணிபுரியும் பொதுமக்களிடம் ஒளிப்பதிவைக் காட்டி மதிப்பெண் கேட்டனர். நூற்றுக்கணக்கானோரின் மதிப்பீடு ஒரே நாளில் வந்து சேர்ந்தது. பத்து அறுவை வல்லுநர்களின் மதிப்பீடு வந்து சேர மூன்று வாரங்களுக்கு மேலானது. இரண்டின் சராசரியும் நெருங்கி இருந்தன. 2014-ல் வெளியான இந்த முடிவை, மகளிர் நோய் மருத்துவப் பயிற்சியாளர்களின் ஒளிப்பதிவுகளைக் கொண்டு 2016-ம் ஆண்டில் வெளியான மற்றொரு ஆய்வும் உறுதி செய்தது.

இயந்திரமே மதிப்பெண் இடும் முயற்சியும் நடைபெறுகிறது. ரோபோவின் கைகள் எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில் நகர்ந்தன என்பதைக் கருவியே பதிவு செய்துவிடுகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம், எட்டு மருத்துவர்கள் செய்த மூன்று வகைப் பயிற்சிகளின் அசைவுப் பதிவுகளை 2014-ம் ஆண்டில் ஆய்வாளர்களுக்குப் பொதுவில் வைத்தது. கணினி வழித் திறன் மதிப்பீட்டு ஆய்வுகள் பலவற்றுக்கும் அதுவே அடித்தளமாக அமைந்தது.

சாமானியர் மதிப்பீட்டுக்கும் கணினி மதிப்பீட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. ஊசி நேராகச் செல்கிறதா என்பதைச் சாமானியர் சொல்லலாம். அந்த இடத்தில் ஊசி போடலாமா, இந்தப் பெண்ணுக்குக் கருப்பையை எடுக்கத்தான் வேண்டுமா என்பதை அவர் சொல்ல முடியாது. முதல் கட்டச் சலிப்புக்கு இம்முறைகள் உதவும். இறுதித் தீர்ப்பு அனுபவமுள்ள மருத்துவரிடமே இருக்க வேண்டும்.

மும்பைக்கு முன் அனுபவம் உண்டு

திறனை அளந்து, தேறியவரை மட்டும் பணியில் ஈடுபடுத்தும் முறை வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. மகளிர் நோயிலேயே மும்பை இதைச் செய்து காட்டியிருக்கிறது.

பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனை, 1998-ம் ஆண்டு முதல் மும்பையின் குடிசைப் பகுதிகளில் ஒன்றரை லட்சம் பெண்களைக் கொண்டு மாபெரும் ஆய்வு ஒன்றை நடத்தியது. கருப்பை வாயில் அசெட்டிக் அமிலக் கரைசலைத் தடவி, வெண்மையாக மாறும் இடத்தைக் கண்ணால் பார்த்துப் புற்றுநோய் அறிகுறியைக் கண்டறியும் முறை அது. சோதனை செய்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். குறைந்தது பத்தாம் வகுப்பு படித்த பெண்கள். அவர்களுக்கு நான்கு வாரப் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்களது முடிவுகள் வல்லுநர்களின் முடிவுகளோடு தொடர்ந்து ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன.

மருத்துவர் சுரேந்திர சாஸ்திரி தலைமையிலான குழு வெளியிட்ட முடிவின்படி, சோதனைக்கு உட்பட்ட பிரிவில் கருப்பைவாய்ப் புற்றுநோய் மரணங்கள் 31 சதவீதம் குறைந்தன. ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட பிரிவில் இருந்த பெண்களுக்குச் சோதனையே செய்யாமல் விட்டது நியாயமா என்ற கடுமையான விமர்சனமும் இந்த ஆய்வின் மீது எழுந்தது. அந்த விவாதம் தனி. பயிற்சி பெற்றவரின் திறனை நிபுணரோடு ஒப்பிட்டு அளப்பது நமது சூழலில் சாத்தியமா என்ற கேள்விக்கு மட்டும் அந்த ஆய்வு ஐயத்துக்கு இடமின்றி விடை அளித்துவிட்டது. பத்தாம் வகுப்பு படித்த சுகாதாரப் பணியாளருக்கு விதிக்கப்பட்ட கண்காணிப்பை, பல கோடி ரூபாய் கருவியை இயக்கும் மருத்துவருக்கு விதிக்கக் கூடாதா?

கை தேர்ந்தால் மட்டும் போதுமா?

திறன் மதிப்பீடு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று எண்ணுவதும் தவறு என்பதை 2018-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு உணர்த்தியது. கருப்பைவாய்ப் புற்றுநோயின் ஆரம்ப நிலையில் இருந்த 631 பெண்களிடம், வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையும் நுண்துளை அறுவையும் ஒப்பிடப்பட்டன. நுண்துளைப் பிரிவில் பெரும்பாலானவை லேப்ராஸ்கோப்பி, எஞ்சியவை ரோபோ. பங்கேற்ற மருத்துவமனைகள், பத்து நோயாளிகளின் விவரங்களையும் வெட்டப்படாத இரண்டு ஒளிப்பதிவுகளையும் கொடுத்துத் தங்கள் மருத்துவர்களின் திறனை முன்கூட்டியே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

அப்படித் தேர்வு செய்த பின்னரும், மூன்று ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் வாழ்ந்தவர்கள் திறந்த அறுவைப் பிரிவில் 97.1 சதவீதம், நுண்துளைப் பிரிவில் 91.2 சதவீதம். இதையடுத்து, புற்றுநோய்க்கு ரோபோ கருவியைப் பயன்படுத்துவது குறித்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019-ம் ஆண்டு பிப்ரவரியில் எச்சரிக்கை வெளியிட்டது. ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஆளாகும் இந்தியாவில் இந்த முடிவு மிகுந்த கவனத்துக்கு உரியது.

புற்றுநோய் அல்லாத நோய்களிலும் ரோபோவின் ஆதாயம் விளம்பரங்களில் காட்டப்படும் அளவுக்கு இல்லை. அமெரிக்காவில் 2.64 லட்சம் பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2013-ம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், ரோபோ முறையிலும் லேப்ராஸ்கோப்பி முறையிலும் சிக்கல் விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ரோபோ முறைக்கு 2,000 டாலருக்கு மேல் கூடுதல் செலவானது. கருப்பை நீக்கத்துக்கு ரோபோ சிறந்த வழியும் அன்று, ஒரே வழியும் அன்று என்று அந்நாட்டு மகளிர் நோய் மருத்துவர்கள் கழகத்தின் தலைவர் அதே ஆண்டில் அறிக்கை விட்டார். உடல் பருமன் மிகுந்தவர்கள், சிக்கலான அறுவை தேவைப்படுபவர்கள் ஆகியோருக்கு இக்கருவி உதவியாக இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. யாருக்கு உதவும், யாருக்குத் தேவையில்லை என்று பிரித்தறிவதும் மருத்துவரின் திறனில் ஒரு பகுதியே.

மகாராஷ்டிரத்துக்கு இது ஆறாத காயத்தை நினைவூட்டும் விஷயம். பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கருப்பையை இழந்திருப்பது 2019-ம் ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்து, மாநில அரசு விசாரணைக் குழு அமைத்தது. பிகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் நடந்த தேவையற்ற கருப்பை நீக்கங்கள் தொடர்பான பொதுநல வழக்கில், மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த வழிகாட்டு நெறிகளை மூன்று மாதங்களுக்குள் ஏற்று நடைமுறைப்படுத்துமாறு எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் 2023-ம் ஆண்டு ஏப்ரலில் உத்தரவிட்டது. கருவி வாங்கிய கடனை அடைக்க வேண்டும் என்ற நெருக்கடி மருத்துவமனைகளுக்கு ஏற்படும்போது, தேவையற்ற அறுவையின் அபாயம் மேலும் கூடும்.

பொறுப்பு யாருடையது?

பயிற்சிக் குறைவால் நேரும் இழப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை வெளிநாட்டு நீதிமன்றங்கள் சந்தித்துள்ளன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2008-ம் ஆண்டில் ஒரு மருத்துவர் மேற்பார்வையின்றிச் செய்த முதல் ரோபோ அறுவையில் நோயாளிக்குக் கடும் பாதிப்பு ஏற்பட்டது. கருவியின் அபாயங்களை அதை வாங்கும் மருத்துவமனைக்கும் எச்சரிக்கும் கடமை உற்பத்தியாளருக்கு உண்டு என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2017-ம் ஆண்டில் தீர்ப்பளித்தது. பிரிட்டனில் நியூகாசில் நகரில் 2015-ம் ஆண்டில் ரோபோ மூலம் நடந்த இதய அறுவைக்குப் பின் ஒருவர் உயிரிழந்தார். மருத்துவருக்கு அக்கருவியில் போதிய பயிற்சி இல்லை என்பதும், உடனிருந்து வழிகாட்ட வந்த வல்லுநர்கள் அறுவை முடியும் முன்பே வெளியேறியதும் விசாரணையில் தெரியவந்தன.

இந்தியச் சட்டத்திலும் பிடிமானம் இல்லாமல் இல்லை. பரிசோதனைக்காக வந்த பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும் அவரது ஒப்புதல் இன்றி அகற்றிய வழக்கில், நோயாளிக்குப் போதிய தகவல் அளித்துப் பெறப்பட்டதே உண்மையான ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் 2008-ம் ஆண்டில் தெளிவுபடுத்தியது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ம் ஆண்டில் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம், சிகிச்சை அளிப்பவர் யார், அவரது தகுதி என்ன என்பதை நோயாளிக்குப் புரியும் மொழியில் தெரிவிக்க வேண்டும் என்கிறது.

தாராவியில் வசிக்கும் தமிழ்ப் பெண்ணுக்கு இதன் பொருள் என்ன? மராத்தியிலோ ஆங்கிலத்திலோ அச்சிட்ட தாளில் கைநாட்டு வாங்குவது ஒப்புதல் ஆகாது. "இந்தக் கருவியில் நீங்கள் இதுவரை எத்தனை அறுவை செய்திருக்கிறீர்கள்? மேற்பார்வையின்றிச் செய்ய உங்களுக்கு அனுமதி அளித்தது யார்? பாதியில் சிக்கல் வந்தால் வயிற்றைத் திறந்து செய்ய யார் இருக்கிறார்கள்? ரோபோ இல்லாமல் செய்தால் எனக்கு என்ன குறை?" என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. மாட்டுங்காவில் காப்பீட்டு அட்டையுடன் செல்பவருக்கும் அதே உரிமைதான்.

தில்லி செய்ய வேண்டியது

அமெரிக்காவில் 2020-ம் ஆண்டு ஜூன் முதல் பட்டம் பெறும் மகளிர் நோய் மருத்துவர்கள், வாரியச் சான்று பெற வேண்டுமானால் லேப்ராஸ்கோப்பி அடிப்படைத் திறன் தேர்வில் தேற வேண்டும் என்பது விதி. ரோபோ அறுவைக்கான பொதுத் தேர்வு ஒன்றும் பல நாட்டு வல்லுநர்களின் கூட்டு முயற்சியில் வடிவமைக்கப்பட்டு, 2020-ம் ஆண்டில் அதன் சோதனை முடிவுகள் வெளியாயின. ஐரோப்பிய மகளிர் நோய் ரோபோ அறுவைச் சங்கமும் தனக்கெனப் பாடத்திட்டம் வகுத்துள்ளது. இந்தியாவிலும் மகளிர் நோய் ரோபோ மருத்துவர்களுக்குத் தனிச் சங்கம் உள்ளது. தனியார் அறக்கட்டளைகள் பயிற்சி உதவித்தொகையும் வழங்குகின்றன. இவை தன்னார்வ முயற்சிகள். விரும்பாதவரைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இவற்றுக்கு இல்லை.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. தேசிய மருத்துவ ஆணையம், ரோபோ அறுவைக்கான குறைந்தபட்சத் திறன் தேர்வை வரையறுக்கலாம். மதிப்பிடுவோர் வேறு மருத்துவமனையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்றும், கருவி விற்பவருக்கு அதில் பங்கு கூடாது என்றும் விதிக்கலாம். மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தைப் பின்பற்றி, தேர்ச்சி பெற்ற மருத்துவர் உள்ள இடத்தில் மட்டுமே கருவியை நிறுவ அனுமதிக்கலாம். 2015-ம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டத்தில் ரோபோ அறுவைச் சிக்கல்களைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கலாம்.

அரசு மருத்துவமனைகளுக்கு இன்னொரு கடமையும் உண்டு. கூட்டம் மிகுந்த மருத்துவமனைகளில்தான் பயிற்சி மருத்துவர்கள் தொழில் கற்கிறார்கள். அங்கு வருவோர் ஏழைகள். முதல் தையலை நோயாளியின் உடலில் போடாமல், பயிற்சிக் கருவியில் போட்டு மதிப்பெண் பெற்ற பிறகே அறுவை அரங்கில் நுழைய வேண்டும் என்ற விதி, எல்லோரையும்விட அந்த ஏழைப் பெண்களுக்கே பாதுகாப்பு. ஐந்து பயிற்சிகள், தலா 20 மதிப்பெண் கொண்ட தேர்வுக்கு ரப்பர் வளையமும் ஊசியும் நூலும் ஒளிப்பதிவும் போதும். ஒரு கருவிக்குச் செலவிடும் கோடிகளோடு ஒப்பிட்டால் அச்செலவு பொருட்டே அன்று.

காப்பீட்டு ஆணையம் 2019-ல் ஒரே அறிவிக்கையால் ரோபோ அறுவைக்குப் பண வழியைத் திறந்தது. மருத்துவரின் தகுதியை வரையறுக்கும் அறிவிக்கை தில்லியிலிருந்து இன்னும் வரவேண்டியிருக்கிறது. அதுவரை, தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஒப்புதல் தாளில் கையெழுத்திடும் பெண்கள், தங்கள் மருத்துவரின் திறனைத் தாங்களே கேட்டறிய வேண்டிய நிலை நீடிக்கும்.